உள்வேலை செய்த பிறகு வேன் கதவு சாத்த மறுக்கிறது: காற்றா, லாக்கா?

கேரவன்காரன், சாலிகிராமம்

எல்லோருக்கும் வணக்கம். ஷூட்டிங்குக்கு வாடகை விடும் வேன் ஒன்று வைத்திருக்கிறேன். பெரிய நடிகர்கள் ஏறும் சொகுசு கேரவன் இல்லை. சீரியல், விளம்பரப் படம், குறும்படம் என்று வரும் வேலைக்கு மேக்கப் ரூமாகப் போகிற நடுத்தர வேன். வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மேக்கப் நிற்கவில்லை என்று புகார் வந்துகொண்டே இருந்ததால், கத்திரி தொடங்கும் முன் உள்ளே முழுக்க வேலை செய்யக் கொடுத்தேன். சுவரிலும் கூரையிலும் சூட்டைத் தடுக்கும் நைட்ரைல் ரப்பர் ஷீட், அதற்கு மேல் பிளைவுட், மைக்கா. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தரையிலிருந்து கூரை வரை தடுப்பு. பின்பக்கத்துக்குத் தனி ஏசி, ஜெனரேட்டரில் ஓடும்.

குளிர்ச்சி அருமை. கதவுதான் படுத்துகிறது. முன்பு ஒரு கையால் தள்ளினால் சாத்திக்கொண்ட ஸ்லைடிங் கதவு, இப்போது முதல் கிளிக்கோடு நின்றுவிடுகிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த நேரம் காது அடைக்கிறது. பின்கதவைச் சாதாரணமாகச் சாத்தினால் திரும்பி வருகிறது. இதெல்லாம் போகட்டும், யாரும் தொடாத டிரைவர் கதவும் இறுகிவிட்டது. அதுதான் எனக்குப் புரியவில்லை.

வேலை செய்தவரிடம் கேட்டால் "புது வேலை, போகப் போகச் சரியாகிவிடும்" என்கிறார். டச்-அப் பையன்கள் கதவை அறைகிற அறையில் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் பல்பு இரண்டு ஏற்கெனவே போய்விட்டது. எங்கே ஆரம்பிப்பது?

பட்டறை மாஸ்டர், பாடி

தம்பி, இது டிங்கரிங் வேலை. கதவின் உள்பக்கமும் பிளைவுட் அடித்திருப்பார்கள். எடை கூடினால் கதவு தொங்கும். தொங்கினால் லாக்கின் வாய் ஸ்ட்ரைக்கரில், அதாவது பாடியில் லாக் போய் மாட்டுகிற கொக்கியில், நேராக உட்காராது. ஸ்லைடிங் கதவுக்குக் கீழ் ரோலர் தேய்ந்திருந்தாலும் இதே கதைதான். ஸ்ட்ரைக்கர் போல்ட்டைத் தளர்த்தி இரண்டு மில்லிமீட்டர் வெளியே தள்ளிப் பாருங்கள். அரை மணி நேர வேலை.

ஏசி டக்ட், அம்பத்தூர்

மாஸ்டர் சொல்வதற்கு முன்னால் காசு செலவில்லாத ஒரு சோதனை. டிரைவர் பக்கக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு எல்லாக் கதவையும் சாத்திப் பாருங்கள். லேசாகச் சாத்தினால் காற்றுதான் தடுக்கிறது. வித்தியாசமே இல்லையென்றால் லாக், கீல், கதவோரத்து ரப்பர் பீடிங் என்று போகலாம். உள்ளே இருப்பவர்களுக்குக் காது அடைக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். லாக் கோணலானால் காது அடைக்காது.

கேரவன்காரன், சாலிகிராமம்

கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன். டிரைவர் கதவு பழையபடி சாத்துகிறது. ஸ்லைடிங் கதவும் பின்கதவும் அப்படியே முரண்டு பிடிக்கின்றன, ஒரு மாற்றமும் இல்லை. அப்படியானால் இரண்டும் வேறு வேறு பிரச்சினையா?

பட்டறை மாஸ்டர், பாடி

பார்த்தீர்களா? கண்ணாடி திறந்திருந்தும் சாத்தவில்லை. காற்று இல்லை, லாக்தான்.

ஏசி டக்ட், அம்பத்தூர்

அவசரப்படாதீர்கள் மாஸ்டர். நடுவில் தரையிலிருந்து கூரை வரை தடுப்பு இருக்கிறதே. அது வந்த நாளிலிருந்து இந்த வேனுக்குள் இரண்டு தனி அறைகள். டிரைவர் கண்ணாடி முன் அறைக்கு மட்டும்தான் ஜன்னல்; பின் அறைக் காற்றுக்கு அது பயன்படாது. பின்பக்க ஜன்னல்களைப் பிளைவுட் போட்டு மூடியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதனால் பின் அறைக்குத் தனியாகச் சோதிக்க வேண்டும். பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்லைடிங் கதவைச் சாத்துங்கள். அப்புறம் ஸ்லைடிங்கைத் திறந்து வைத்துப் பின்கதவை.

கேரவன்காரன், சாலிகிராமம்

ஆமாம், பின் ஜன்னல்கள் எல்லாம் பிளைவுட்டுக்குள் போய்விட்டன. நீங்கள் சொன்னபடி செய்தேன். பின்கதவு திறந்திருந்தால் ஸ்லைடிங் ஒரு கையில் சாத்துகிறது. மாற்றிச் செய்தால் பின்கதவில் இடதுபக்கப் பாதி லேசாகச் சாத்துகிறது, வலதுபக்கப் பாதி மட்டும் கொஞ்சம் முரண்டு.

கணக்குப்புலி, தரமணி

எனக்குப் பிடித்த இடத்துக்கு இழை வந்துவிட்டது, ஒரு கணக்குப் போட்டு விடுகிறேன்.

பின் அறை சுமார் 7 கன மீட்டர் என்று வைப்போம், அதாவது 7,000 லிட்டர் காற்று. ஸ்லைடிங் கதவின் பரப்பு 1.5 சதுர மீட்டர். கதவு ரயிலில் ஓடி வரும் வரை பிரச்சினை இல்லை, ஓரமெல்லாம் இடைவெளிதான். கடைசியில் ரயில் வளைந்து கதவை உள்ளே இழுக்கும்போது, ரப்பர் பீடிங் தொட்ட பிறகும் சுமார் 1 சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டியிருக்கும். அந்த ஒரு சென்டிமீட்டருக்கு 15 லிட்டர் காற்றை அறைக்குள் அமுக்க வேண்டும். 7,000-இல் 15 என்பது 0.2 சதவீதத்துக்குச் சற்று மேல். கேட்டால் ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். ஆனால் வளிமண்டல அழுத்தம் 1,01,325 பாஸ்கல். அதில் 0.2 சதவீதமே 200 பாஸ்கலைத் தாண்டும். 1.5 சதுர மீட்டர் கதவில் அது 320 நியூட்டனுக்கு மேல், நம் கணக்கில் 33 கிலோ. சைக்கிள் பம்ப்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அமுக்குகிற அதே வேலைதான், பிஸ்டன்தான் கதவு அளவுக்குப் பெரியது.

டிரைவர் கதவு ஏன் இறுகியது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தடுப்பு வருவதற்கு முன் அந்தக் கதவு 9.5 கன மீட்டர் காற்றுக்கு எதிராகச் சாத்தியது. இப்போது முன் அறை மட்டும், சுமார் 2.5 கன மீட்டர். அதே 10 லிட்டரை உள்ளே தள்ளினால் முன்பு 107 பாஸ்கல் ஏறியது, இப்போது 400. கைப்பிடியில் தள்ளுவது கீலிலிருந்து தூரத்தில் என்பதால் பாதி கழியும். இருந்தாலும் 5 கிலோவாக இருந்தது 20 கிலோ ஆகிறது. கதவை யாரும் தொடவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த இடத்தைத்தான் தொட்டார்கள்.

சந்தேகப் பேர்வழி, மயிலாப்பூர்

33 கிலோவா? அப்படியென்றால் குழந்தைகள் எந்தக் கார் கதவையும் சாத்தவே முடியாதே. காகிதத்தில் எல்லாம் வரும்.

கணக்குப்புலி, தரமணி

எங்குமே கசிவில்லாத அறைக்கு வரும் உச்சவரம்பு அது. எந்த வண்டியும் அப்படி இருப்பதில்லை. வேண்டுமென்றே ஓட்டை வைத்துத்தான் அனுப்புகிறார்கள். அந்த ஓட்டையை அடைத்தால் இந்த எண்ணை நோக்கி ஏறும் என்பதுதான் விஷயம். சொல்லப்போனால் நான் குறைத்தே சொல்லியிருக்கிறேன். படார் என்று சாத்தும்போது காற்றுக்குச் சூடு ஆற நேரம் இருக்காது, அழுத்தம் இன்னும் 1.4 மடங்கு ஏறும்.

சின்ன அழுத்தத்தைக் குறைத்து எடைபோட வேண்டாம். ஓ.எம்.ஆர். பக்கம் உயரமான ஆபீஸ் கட்டடத்தில் வேலை செய்பவர்கள் ஃபயர் டிரில் நடக்கும்போது படிக்கட்டுக் கதவைத் தள்ளிப் பார்த்திருப்பீர்கள். புகை உள்ளே வராமலிருக்க மின்விசிறி வைத்துப் படிக்கட்டில் காற்றை ஏற்றுவார்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்வது 50 பாஸ்கல். அதற்கே கதவு யாரோ அந்தப் பக்கம் சாய்ந்து நிற்பது மாதிரி இருக்கும்.

ஏசி டக்ட், அம்பத்தூர்

அந்த ஓட்டை எங்கே இருக்கும் என்று சொல்கிறேன். பெரும்பாலான கார், வேன்களில் பின் பம்பருக்குள் மறைந்திருக்கும் மூலையில், இடம் வலம் இரண்டு பக்கமும், அல்லது பின்தூணின் கீழ்ப்பகுதியில் ஒரு பிளாஸ்டிக் சட்டம் இருக்கும். கட்டம் கட்டமாக இருக்கும் அதில் மெல்லிய ரப்பர் நாக்குகள் தொங்கும். உள்ளே அழுத்தம் ஏறினால் நாக்கு வெளியே தூக்கும், காற்று போகும், மறுபடி விழுந்து மூடிக்கொள்ளும். பிக்கப் வண்டிகளில் கேபினின் பின்சுவரில் இருக்கும்.

கதவுக்காக மட்டும் வைத்ததும் இல்லை. முன்கண்ணாடிக்குக் கீழே வழியாக வரும் புதுக் காற்று எங்கேயாவது வெளியேற வேண்டுமே. போக்கு இல்லாவிட்டால் வரவும் இருக்காது. 1964-இல் ஃபோர்டு கோர்ட்டினாவில் பின்தூணில் காற்றுப் போக்கி வைத்து அதை ஒரு வசதியாகவே விளம்பரம் செய்தார்கள். அதற்கு முந்தைய காலத்து வோக்ஸ்வாகன் பீட்டிலில் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்காமல் கதவு சாத்தாது என்பது ஊரறிந்த கதை.

நம் அம்பாசடர்காரர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. அந்த வண்டியில் காற்று போக வழி எங்கே இல்லை என்று தேட வேண்டும்.

கேரவன்காரரே, உங்கள் ஆட்கள் அந்தச் சட்டத்தின் மேலேயே ஷீட்டை ஒட்டியிருப்பார்கள் என்பது என் ஊகம். பின்பக்கத்துக் கீழ் பேனலைக் கழற்றிப் பாருங்கள்.

ரெட்ஹில்ஸ் ரீஃபர்

நான் ஓட்டுவது ஐஸ்கிரீம், மீன் ஏற்றும் குளிர்பதன வண்டி. எங்களுக்குத் தலைகீழ்ப் பிரச்சினை, சாத்துவது சுலபம், திறப்பதுதான் கஷ்டம். கதவு திறந்திருக்கும் நேரத்தில் வெளிச்சூட்டுக் காற்று உள்ளே புகுந்துவிடும். சாத்தியதும் அது குளிர்ந்து சுருங்கும், கதவை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஒரு கடையில் சரக்கு இறக்கிச் சாத்திவிட்டு, பில்லில் ஒன்று விட்டுப்போச்சு என்று உடனே திறக்கப் போனால் இழுபறிதான். கொஞ்ச நேரம் கழித்து வந்தால் சாதாரணமாகத் திறக்கும்.

கணக்குப்புலி, தரமணி

அருமையான உதாரணம். 35 டிகிரியில் இருக்கும் காற்று கசிவில்லாத அறையில் 10 டிகிரி குறைந்தாலே அழுத்தம் 3 சதவீதம் விழும். ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல். அதனால்தான் பெரிய ஃப்ரீசர் அறைகளில் சுவரில் இரண்டு பக்கமும் திறக்கும் வால்வு வைக்கிறார்கள், பனி பிடித்து அடைக்காமலிருக்க அதற்குள் சின்ன ஹீட்டர் கம்பியும் இருக்கும். கார், வேனில் இருக்கும் நாக்கு வெளிப்பக்கம் மட்டும் திறப்பது.

ஓட்டுநர், வேளச்சேரி

கால் டாக்சி ஓட்டுகிறேன். "கதவை மெதுவாகச் சாத்தவும்" என்று ஸ்டிக்கர் ஒட்டியும் பயனில்லை. என் அனுபவத்தில் ஏசி வண்டியில் எல்லாக் கண்ணாடியும் ஏறியிருக்கும்போது கடைசியாகச் சாத்துகிற கதவுதான் சரியாக மாட்டாது. மூன்று கதவு சாத்தியாச்சு, நான்காவது ஆள் சாத்துவது முதல் கிளிக்கில் நிற்கும், நான் இறங்கிப் போய்ச் சாத்த வேண்டும். அதனால் பயணி ஏறும்போது என் பக்கக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவிடுவேன்.

ஒரு கேள்வி. ஏசியில் உள்காற்றே சுற்றுகிற பட்டனை அழுத்தியிருந்தால் கதவு இன்னும் இறுகும் என்று ஸ்டாண்டில் ஒருவர் சொன்னார். உண்மையா?

ஏசி டக்ட், அம்பத்தூர்

பாதி உண்மை. அந்தப் பட்டன் வெளிக்காற்று வரும் வாயை மூடும், காற்று பின்வாங்கிப் போக இருந்த ஒரு வழி அடைபடும். ஆனால் வெளிக்காற்று நிலையில் பிளோயரை வேகமாக ஓட விட்டால் அது வேறு விதமாக வேலையைக் கெடுக்கும், உள்ளே ஏற்கெனவே கொஞ்சம் அழுத்தம் ஏற்றி வைத்திருக்கும். கதவு சாத்த மிகச் சுலபமான நிலை, பிளோயர் நின்று வெளிக்காற்று வாய் திறந்திருப்பது. இந்த ஊரில் மே மாதம் பயணி ஏறும்போது பிளோயரை நிறுத்தினால் உங்களுக்குக் கிடைக்கும் ரேட்டிங் என்ன என்று எனக்குத் தெரியும். கண்ணாடியை இறக்குவதே நல்லது.

சில வண்டிகளில் இதைத் தானாகவே செய்கிறார்கள். சட்டமில்லாத கண்ணாடிக் கதவுகளில், கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி கொஞ்சம் இறங்கும், கதவு சாத்திய பிறகு ஏறி ரப்பருக்குள் உட்காரும். முதல் காரணம் கண்ணாடி ரப்பரில் மோதக் கூடாது என்பது. ஆனால் அந்தச் சந்து வழியாகக் காற்றும் போய்விடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சாத்தவில்லை என்றால் இன்னும் ஓங்கி அடிப்பதுதான் எல்லோருக்கும் வருகிற புத்தி. சந்து வழியாகக் காற்று வெளியேற நேரம் வேண்டும். இரண்டு மடங்கு வேகத்தில் சாத்தினால் எதிர்ப்பு நான்கு மடங்கு. ஸ்லைடிங் கதவை முதல் கிளிக் வரை மெதுவாகக் கொண்டுபோய், அங்கிருந்து உள்ளங்கையால் நிதானமாக அமுக்கிப் பாருங்கள். அறைவதைவிட அது நடக்கும்.

பட்டறை மாஸ்டர், பாடி

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். லாக்குக்கு ஒரு வேகம் வேண்டும். பீடிங்கை நசுக்கி, ஸ்பிரிங்கைத் தாண்டி, லாக்கின் நாக்கு இரண்டாவது பல்லில் விழ வேண்டும். தடவிக் கொடுத்தால் பாதி லாக்கில் நிற்கும். ஸ்லைடிங் கதவு பாதி லாக்கில் ஓடுகிற பள்ளி வேன்களைத் தினம் பார்க்கிறேன், பயமாக இருக்கிறது.

ஏசி டக்ட், அம்பத்தூர்

பாதி லாக் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் மாஸ்டர். மெதுவாகக் கொண்டுபோய்க் கடைசியில் பலமாக அமுக்க வேண்டும், இரண்டாவது கிளிக் காதில் விழ வேண்டும். அது விழவில்லையென்றால் வண்டி நகரக் கூடாது.

கேரவன்காரன், சாலிகிராமம்

பேனலைக் கழற்றினேன். ஊகம் சரி. இரண்டு பக்கமும் அந்தச் சட்டம் இருக்கிறது. இடதுபக்கம் அதன் மேலேயே நைட்ரைல் ஷீட்டை ஒட்டி, ஓரத்தில் பி.யூ. ஃபோம் (சந்தை அடைக்கும் நுரை) அடித்திருக்கிறார்கள். வலதுபக்கம் முழுக்க ஃபோம்தான். வேலை செய்தவருக்குப் போன் செய்தேன். "ஓட்டை இருந்தது சார், தூசி வரும்னு அடைச்சேன், அதுக்கு காசுகூட வாங்கல" என்றார். நன்றி சொல்வதா திட்டுவதா என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

இரண்டாவது விஷயம், இந்த இழையைத் தொடங்கும் முன்பே ஒரு ஷெட்டில் பின்கதவு ஸ்ட்ரைக்கரை வெளியே தள்ளி வைத்தார்கள். அதன் பிறகு ஒரு மழையில் பின்கதவு வழியாகத் தண்ணீர் ஒழுகி மேக்கப் நாற்காலி நனைந்தது. இது சம்பந்தம் உள்ளதா?

பட்டறை மாஸ்டர், பாடி

சம்பந்தம் இருக்கிறது. ஸ்ட்ரைக்கரை வெளியே தள்ளினால் பீடிங் முழுசாக நசுங்காது. காற்றுக் கோளாறு என்று தெரிந்துவிட்டதால் அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விடுங்கள். போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட்டில் பழைய அச்சு தெரியும்.

பீடிங் ஒழுங்காக உட்காருகிறதா என்று பார்க்கப் பத்து ரூபாய் நோட்டு போதும். ரப்பருக்கும் கதவுக்கும் நடுவில் வைத்துச் சாத்திவிட்டு இழுங்கள். இழுவை தெரிய வேண்டும். எங்கே வழுக்கிக்கொண்டு வருகிறதோ அங்கேதான் தண்ணீர் வரும், எங்கே வரவே மாட்டேன் என்கிறதோ அங்கே அளவுக்கு மீறி நசுங்குகிறது. கதவைச் சுற்றி ஒவ்வொரு சாண் இடைவெளியிலும் பாருங்கள்.

ரப்பர் இறுகியிருந்தால் சிலிகான் ஸ்பிரே. கிரீஸ், என்ஜின் ஆயில் வேண்டாம். கதவு பீடிங் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். ரப்பர், எண்ணெய் பட்டால் உப்பிப் பிசுபிசுத்துப் போகும்.

கணக்குப்புலி, தரமணி

ஓட்டையின் அளவு எவ்வளவு வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்வேன். 15 லிட்டர் காற்று 0.1 விநாடியில் வெளியேற வேண்டும், உள்ளே 100 பாஸ்கலுக்கு மேல் ஏறக் கூடாது என்று வைத்தால், சுமார் 200 சதுர சென்டிமீட்டர் திறப்பு தேவை. பத்துக்குப் பத்து சென்டிமீட்டரில் இரண்டு. இது நாக்கு திறந்த பின் கிடைக்கும் வெறும் வழி. பிளாஸ்டிக் சட்டத்தின் வெளி அளவு இல்லை. பிளைவுட்டில் நாலு ஸ்குரூ ஓட்டை போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள்.

முன் அறைக்கும் வழி வேண்டும். கம்பெனி வைத்த சட்டங்கள் இரண்டும் பின்பக்கம் இருக்கின்றன, தடுப்பு அவற்றை டிரைவரிடமிருந்து துண்டித்துவிட்டது. தடுப்பின் அடியில், சீட்டுக்குப் பின்னால் தெரியாத இடத்தில் ஏசி கிரில் ஒன்று பொருத்துங்கள். சத்தமும் வெளிச்சமும் உள்ளே வரக் கூடாது என்றால் இரண்டு பலகைகளுக்கு நடுவில் வளைந்து போகிற மாதிரி வழி அமைக்கலாம். காற்றுக்கு வளைவு ஒரு பொருட்டில்லை.

புதுப்பேட்டை வாசி

ஃபோமைச் சுரண்டும்போது அந்த ரப்பர் நாக்கு கிழிந்துவிடும், பிய்த்த பிறகு அதை நம்ப வேண்டாம். புதுப்பேட்டையில் பின் பம்பர், பேனல் அடுக்கியிருக்கும் கடைகளில் கேட்டால் கழற்றிய வென்ட், அதாவது நாக்கோடு இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் சட்டம், கிடைக்கும். பெயர் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது, பழையதைக் கையில் கொண்டுபோங்கள். வாங்குமுன் நாக்கை வாயால் ஊதிப் பாருங்கள், லேசாக எழுந்து தானாக விழ வேண்டும். வெயிலில் காய்ந்து சுருண்டது வேண்டவே வேண்டாம்.

மாட்டும்போது ஊதுபத்தி ஒன்று கொளுத்தி, ஒருவர் உள்ளே உட்கார்ந்து வென்ட் அருகில் பிடிக்கட்டும், இன்னொருவர் கதவைச் சாத்தட்டும். புகை வென்ட் பக்கம் பாய்ந்தால் சரி. ஒட்டுப்பசை வாடை முழுக்கப் போன பிறகு செய்யுங்கள், பசையின் ஆவி தீப்பிடிக்கும்.

ஏசி டக்ட், அம்பத்தூர்

எல்லோரும் கதவைப் பற்றியே பேசுகிறோம். எனக்குக் கவலை வேறு. கேரவன்காரரே, ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது? அதன் சைலன்சர் எந்தப் பக்கம் ஊதுகிறது?

2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை அருகே சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று தெரிந்தது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கம் மாதிரிதான் வரும். உங்கள் பின் அறை, கதவே சாத்த முடியாத அளவுக்கு அடைத்த பெட்டி. அதற்குள் ஏசி போட்டுக்கொண்டு ஷாட்டுக்குக் காத்திருப்பவர் தூங்குவார். ஏசி உள்ளே இருக்கும் காற்றையேதான் சுற்றுகிறது.

நாக்கு வைத்த வென்ட் கதவுப் பிரச்சினையைத் தீர்க்கும், புதுக் காற்றைக் கொண்டுவராது. அதற்குக் கூரையில் சின்ன விசிறி வைத்துத் தனியாக உள்ளிழுக்க வேண்டும், ஜெனரேட்டர் புகையிலிருந்து முடிந்தவரை தள்ளி. வென்ட்டையும் சைலன்சர் பக்கம் வைக்காதீர்கள், நாக்கு சுருண்டு திறந்து நின்றால் அதுவே புகைக்கு வாசல். உள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள். மைக்காவுக்குச் செலவழித்ததில் சின்னப் பங்குகூட ஆகாது.

கேரவன்காரன், சாலிகிராமம்

ஜெனரேட்டர் பின்னால் வலதுபக்கம் அடியில், தனிப் பெட்டியில். சைலன்சரும் வலதுபக்கம்தான். நீங்கள் சொன்ன பிறகு குனிந்து பார்த்தேன், வலதுபக்க வென்ட்டுக்கு ஒரு முழம் தள்ளி அதன் வாய் இருக்கிறது. வயிற்றைக் கலக்கிவிட்டது.

புதுப்பேட்டை வாசி

அப்படியானால் வலதுபக்கத்தை நிரந்தரமாகத் தகடு வைத்து மூடிவிட்டு, இடதுபக்கம் இரண்டு வென்ட் போடுங்கள். சைலன்சரையும் குழாய் நீட்டி வெளியே எடுத்துவிடுங்கள்.

மழைக்கால வேன், மடிப்பாக்கம்

மடிப்பாக்கத்துக்காரன் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை. இந்த வென்ட் எல்லாம் பம்பர் உயரத்தில் இருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் நின்ற வண்டிகளில் கதவு வழியாக வருவதற்கு முன்பே பின்பக்கம் நனைந்த வண்டிகள் உண்டு. அந்த நாக்கு காற்றைத் தடுக்கும், தேங்கிய வெள்ளத்தைத் தடுக்காது. கேரவனில் புதிதாக வெட்டி வைப்பதென்றால் பிளைவுட்டுக்குப் பின்னால் கொஞ்சம் உயரத்தில் வைத்து, மழை அடிக்காமல் வெளியே சின்ன மூடி போடுங்கள்.

எலி விஷயமும் பாருங்கள். நாக்கு உடைந்த வென்ட் வழியாக எலி ஏறும், ஒயரைக் கடிக்கும். உள்பக்கம் பெரிய கண்ணி வலை அடியுங்கள். கொசுவலை வேண்டாம், தூசி அடைத்துப் பழைய நிலைக்கே வந்துவிடும்.

சந்தேகப் பேர்வழி, மயிலாப்பூர்

கேரவனாக மாற்றியது ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்கிறதா? வண்டியை மாற்றி அமைப்பது பற்றி மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு இருக்கிறது. அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே.

கேரவன்காரன், சாலிகிராமம்

ஏறியிருக்கிறது சார். அதற்கு அலைந்த அலைச்சலை எழுத வேறு இழை வேண்டும்.

இப்போதைய நிலவரம்: வலதுபக்கம் தகடு வைத்து மூடியாயிற்று. இடதுபக்கம் பழைய வென்ட் இருந்த இடத்தில் ஒன்று, அதற்கு மேல் சற்று உயரத்தில் ஒன்று. தடுப்பில் கிரில். ஜெனரேட்டர் குழாயை நீட்டி வெளியே எடுத்தாயிற்று. கூரை விசிறிக்குச் சொல்லியிருக்கிறேன், அலாரம் மாட்டிவிட்டேன். ஸ்லைடிங் கதவு ஒரு கையில் சாத்துகிறது, காது அடைப்பதில்லை. டிரைவர் கதவும் சரி. முழுக்கப் பழைய மாதிரி என்று சொல்ல முடியாது, ஆனால் யாரும் அறைய வேண்டியதில்லை. ஸ்ட்ரைக்கரையும் பழைய அச்சில் வைத்துவிட்டேன்.

பின்கதவில் வலதுபக்கப் பாதி மட்டும் இன்னும் முரண்டு. ஸ்லைடிங்கைத் திறந்து வைத்தாலும் அதே இறுக்கம். நோட்டு வைத்து இழுத்தேன், கீழ் மூலையில் நோட்டு வரவே இல்லை, மேல் மூலையில் வழுக்கிக்கொண்டு வருகிறது.

பட்டறை மாஸ்டர், பாடி

நான் முதல் பதிவிலேயே சொன்னேன். அந்தப் பாதியில் என்ன மாட்டியிருக்கிறீர்கள்?

கேரவன்காரன், சாலிகிராமம்

ஆளுயரக் கண்ணாடி, மாஸ்டர். மரச்சட்டத்தோடு.

பட்டறை மாஸ்டர், பாடி

பிறகென்ன, கதவு தொங்கத்தானே செய்யும். மேல் கீல் தளர்ந்திருக்கும், முள் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். கண்ணாடியைக் கதவிலிருந்து எடுத்துத் தடுப்பில் மாட்டுங்கள். சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவாருங்கள் தம்பி, மதியத்துக்கு முன்னால். மதியம் லேத்காரர் கிளம்பிவிடுவார்.